ரத்தம் அல்ல, கடிகை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் காலையில் பாவு விரிக்கிற தெருவில்தான் மாலையில் பையன்கள் பந்து உதைக்கிறார்கள். இந்தப் பக்கம் இரண்டு செங்கல், அந்தப் பக்கம் இரண்டு செங்கல்; அதுதான் கோல். பந்து சாக்கடைக்குள் போய்விட்டால் ஒருவன் இறங்கி எடுத்துவரும் வரை ஆட்டம் நிற்கும். இவர்களில் யாராவது பெரிய ஆட்டக்காரனாக வருவானா என்று திண்ணையில் இருக்கும் பெரியவர்களைக் கேட்டால், யோசிக்காமலே பதில் வரும்: “அதெல்லாம் ரத்தத்துல இருக்கணும்ப்பா. நம்ம ரத்தத்துல இருக்கிறது தறி.” கொஞ்சம் படித்தவர்கள் இன்னொன்றையும் சேர்ப்பார்கள்: “பசி இருக்கணும் சார். ஊரைவிட்டு ஓடிப் போனவன், அகதி, அவனுக்குத்தான் அந்த வெறி வரும். நம்ம பிள்ளைங்களுக்கு ஏது?”

ரத்தம், பசி. குடிபெயர்ந்த குடும்பத்துப் பையன் ஒருவன் இருபது வயதுக்குள் பெரிய கால்பந்து அணியில் இடம்பிடித்தான் என்று செய்தி வரும்போதெல்லாம் இந்த இரண்டு சொற்களைக் கொண்டுதான் அதை நமக்கு நாமே விளக்கிக்கொள்கிறோம். பையன் தமிழனாக இருந்தால் ‘தமிழ் ரத்தம்’ என்று பெருமை. ஆப்பிரிக்கனாக இருந்தால் ‘வறுமை தந்த வெறி’ என்று வியப்பு. இந்தக் கருத்து தவறு. வெறும் தவறாக இருந்தால் விட்டுவிடலாம். நம் பிள்ளைகளுக்கும், நம் ஊருக்குப் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகளுக்கும் இது கேடு செய்கிறது. ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு இதைவிட வசதியான சமாதானம் வேறில்லை.

முதலில் ரத்தத்தை எடுத்துக்கொள்வோம்.

2024 ஆகஸ்டில் விமல் யோகநாதன் என்ற 18 வயது இளைஞர் பார்ன்ஸ்லி அணிக்காக இங்கிலாந்தின் லீக் கோப்பை ஆட்டத்தில் களமிறங்கினார். இங்கிலாந்துத் தொழில்முறைக் கால்பந்தில் ஆடிய முதல் தமிழர் என்று செய்தி பரவியது. கடல் கடந்து வாழும் தமிழர்களின் கைபேசிகளில் அவருடைய படம் சுற்றிச் சுற்றி வந்தது. பெருமைப்படுவதில் பிழையில்லை, நானும் பெருமைப்பட்டேன். ஆனால் பெருமை அடங்கிய பிறகு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 1983 கலவரத்துக்குப் பிறகு அலை அலையாக இலங்கைத் தமிழர்கள் வெளியேறினார்கள். பிரிட்டனில் மட்டும் இன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் இருக்கிறார்கள். லண்டனில் அவர்களுக்குக் கோயில் உண்டு, கடைத்தெரு உண்டு, தமிழ்ப் பள்ளி உண்டு. ஊர்ப் பள்ளிகளின் பழைய மாணவர் சங்கங்கள் நடத்தும் கால்பந்துப் போட்டிகளும் உண்டு. உதைக்கத் தெரிந்த கால்களுக்கு அங்கே என்றும் பஞ்சமில்லை. ரத்தம்தான் ஆட்டக்காரனை உண்டாக்குகிறது என்றால், இந்த நாற்பது ஆண்டுகளில் நூறு பேராவது வந்திருக்க வேண்டாமா? வந்த முதல் ஆள், தமிழர் செறிந்து வாழும் லண்டன் பகுதிகளில் வளர்ந்தவர் அல்லர். தமிழ்க் குரல் அதிகம் கேட்காத வட வேல்ஸ் கிராமம் ஒன்றில் வளர்ந்தவர்.

விமல் பிறந்தது 2006இல், வேல்ஸில். கடல் தாண்டிப் போனவர்கள் அவருடைய பெற்றோர். அந்தக் கிராமத்திலிருந்து லிவர்பூல் போய்வரக்கூடிய தூரம். சிறு வயதிலேயே லிவர்பூல் கிளப்பின் அகாடமியில் பயிற்சி பெற்றார். பிறகு பார்ன்ஸ்லியின் அகாடமி. அங்கேயே முதல் தொழில்முறை ஒப்பந்தம். அங்கேயே முதல் ஆட்டம். இந்த வரிசையை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஒரு படி முடிகிற இடத்தில் அடுத்த படி ஏற்கெனவே கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. இங்கிலாந்துக் கிளப்புகள் எட்டு ஒன்பது வயதிலேயே பிள்ளைகளைப் பதிவு செய்துகொள்கின்றன. 16 வயதில் இரண்டாண்டு உதவித்தொகைக் காலம். அந்த இரண்டு ஆண்டும் ஆட்டத்தோடு படிப்பும் கட்டாயம். 2012 முதல் ஒவ்வோர் அகாடமியும் நான்கு தரங்களில் ஒன்றாகப் பிரிக்கப்பட்டு, பயிற்சி நேரம், பயிற்சியாளர் தகுதி, மருத்துவ வசதி எல்லாம் சரிபார்க்கப்படுகின்றன. அந்தப் பையனின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. உழைப்பு வீணாகாமல் தாங்கிக்கொள்ள அங்கே ஒரு ஏற்பாடு இருந்தது என்கிறேன்.

பார்ன்ஸ்லியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது செல்வச் செழிப்பான மாநகரம் இல்லை. நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி வாழ்ந்து, அவை மூடப்பட்டபோது அடி வாங்கிய ஊர். நிலக்கரிக்கு முன்பு லினன் துணி நெசவுக்குப் பேர் போன ஊர். நம்மைப் போலவே ஒரு தொழிலை நம்பிய நெசவாளர் ஊர்தான். தொழில்கள் போன பிறகும் 1887இல் தொடங்கிய தன் கால்பந்துக் கிளப்பை அது விடவில்லை. அதனால்தான் எங்கிருந்தோ வந்த குடும்பத்தின் பிள்ளைக்குச் சட்டை எடுத்துக் கொடுக்க அந்த ஊரால் முடிந்தது.

ரத்தக் கணக்கை இன்னும் கடுமையாகப் பொய்யாக்குவது மலேசியா. ரப்பர் தோட்டத்துக் கூலிகளாகத் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களின் வழிவந்த பிள்ளைகள் ஒரு காலத்தில் அந்நாட்டுக் கால்பந்தின் தூண்களாக இருந்தார்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசிய அணியின் தலைவர் எம். சந்திரன். ‘ஸ்பைடர்மேன்’ என்று ஊரே கொண்டாடிய கோல்காப்பாளர் ஆர். ஆறுமுகம். ஆட்டக்காரராக இருந்து பயிற்சியாளராகி, 2010இல் மலேசியாவுக்குத் தென்கிழக்காசியக் கோப்பையை வென்று தந்தவர் கே. ராஜகோபால். பக்கத்துச் சிங்கப்பூரிலிருந்து வி. சுந்தரமூர்த்தி 1980களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப் வரை போய் ஆடினார். தோட்டத்தில் லயங்களுக்குப் பக்கத்தில் ஒரு திடல் இருந்தது. தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி நடந்தது. பள்ளி அணி, மாநில அணி, வேலையோடு ஆட இடம் தந்த அரசுத் துறை அணிகள் என்று மேலே ஏற வழி இருந்தது. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. செம்பனையும் கட்டடங்களும் வந்தன. தோட்ட மக்கள் நகரத்து ஓரங்களுக்குத் தள்ளப்பட்டார்கள். இன்று மலேசியத் தேசிய அணியில் தமிழ்ப் பெயரைத் தேட வேண்டியிருக்கிறது. பாட்டனின் ரத்தம்தான் பேரனுக்கும் ஓடுகிறது. அது மாறவில்லை. போனது திடல்.

நம் நாட்டுக் கணக்கும் இதேதான். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்கு ஆடியவர் தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தரராஜ். அதே காலத்து மாபெரும் கோல்காப்பாளர் பீட்டர் தங்கராஜ், வெலிங்டனில் உள்ள மதராஸ் படைப்பிரிவு மையத்தில் உருவானவர். அந்தப் படை அணி 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. இன்றைக்கு வியாசர்பாடியிலிருந்து தன்பால் கணேஷ் போன்ற ஆட்டக்காரர்கள் வருகிறார்கள். அங்கே முல்லை நகர்த் திடலில் குடிசைப் பிள்ளைகளை ஆண்டுக்கணக்காக ஆட வைத்த மனிதர்கள் இருந்ததால் வருகிறார்கள். பட்டாளமோ திடலோ, எது இருந்ததோ அங்கே ஆட்டக்காரன் முளைத்தான். இல்லாத இடத்தில் முளைக்கவில்லை.

“சரி, கால்பந்து அப்படி. தறி ரத்தத்தில்தானே வருகிறது?” என்று என் ஊர்க்காரர்கள் கேட்பார்கள். அதையும் மறுக்கிறேன். காஞ்சிக்காரன் மறுத்தால்தான் அதற்கு மதிப்பு.

காஞ்சிப் பட்டில் காஞ்சியில் விளைவது எது? கச்சாப் பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. சரிகை சூரத்திலிருந்து வருகிறது. இங்கே முசுக்கட்டைத் தோட்டம் கிடையாது, புழு வளர்ப்பு கிடையாது. நெய்கிறவர்களாவது ஆதிகாலம் முதல் இந்த மண்ணில் இருந்தவர்களா? செங்குந்தர்களோடு, வீட்டில் தெலுங்கு பேசும் பத்மசாலியர்களும் தேவாங்கர்களும் நெய்கிறார்கள். அவர்களுடைய முன்னோர்கள் வடக்கே ஆந்திர, கன்னட நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள். உலகமே ‘காஞ்சிபுரம்’ என்று பெயர் சொல்லும் புடவை, வெளியூர் நூலில், வெளியூர்ச் சரிகையில், ஒரு காலத்தில் வெளியூர்க்காரர்களாக வந்தவர்களின் கையிலும் உருவானது. 2005இல் புவிசார் குறியீடு பெற்றதும் அதுவே. இந்த ஊர் தன் பங்காகக் கொடுத்தது பயிற்சியை மட்டும்தான்.

கோர்வையை நினைத்துப் பாருங்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம், மூன்று நாடா, தறிக்கு இரண்டு பேர். மறுபக்கம் உட்கார்ந்து நாடா வாங்கித் தரும் பிள்ளை, ஆண்டுகள் போனபின் தானே குழித்தறியில் இறங்கி உட்காருகிறான். உடலும் முந்தியும் சேரும் இடத்தில் ஒவ்வோர் இழையாகப் பிணைக்கும் பெட்னி வேலை, பார்த்துப் பார்த்து, தப்புச் செய்து, திட்டு வாங்கித்தான் கைக்கு வரும். நெசவாளி மகன் நெசவாளி ஆனதற்குக் காரணம் தறி வீட்டுக்குள்ளேயே இருந்தது. பிறந்த குழந்தைக்குத் தாலாட்டே அச்சு அடிக்கும் சத்தம். இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருந்த அகாடமி அது. தறியை வீட்டைவிட்டு எடுத்துவிடுங்கள். மகன் ஒரகடத்துக் கம்பெனிப் பேருந்தில் ஏறிவிடுகிறான். எத்தனையோ வீடுகளில் அதுதான் நடந்திருக்கிறது. ரத்தத்தில் இருந்திருந்தால் அது எங்கே போயிற்று?

அடுத்தது பசி. இந்த வாதம் ரத்தத்தைவிட ஆபத்தானது. கேட்பதற்கு அனுதாபம் போல இருக்கும்.

பசி வாதத்துக்கு உலகம் காட்டும் முதல் உதாரணம் அல்போன்சோ டேவிஸ். லைபீரிய உள்நாட்டுப் போரிலிருந்து தப்பிய பெற்றோருக்கு, 2000 நவம்பரில், கானாவின் புடுபுரம் அகதி முகாமில் பிறந்தவர். ஐந்து வயதில் குடும்பத்தோடு கனடா போய் எட்மண்டனில் வளர்ந்தார். 15 வயதில் வான்கூவர் வைட்கேப்ஸ் அணிக்காக வட அமெரிக்காவின் முதல்நிலை லீக்கில் ஆடினார். 2017 ஜூனில் கனடியக் குடியுரிமை பெற்று, அதே மாதம் அந்நாட்டு அணிக்கு ஆடினார். 2019 தொடக்கத்தில் பயர்ன் மியூனிக்கில் சேர்ந்தார். 2020இல் சாம்பியன்ஸ் லீக் கோப்பை. 2022 உலகக் கோப்பையில் குரோஷியாவுக்கு எதிராகக் கனடிய ஆண்கள் அணியின் முதல் உலகக் கோப்பைக் கோல்.

அகதி முகாம், பிறகு உலகக் கோப்பை. இரண்டுக்கும் நடுவில், ஐந்து வயது முதல் 15 வயது வரையிலான பத்து ஆண்டுகளை விட்டுவிட்டால் பசி செய்த அற்புதம் போலத்தான் தெரியும். அந்தப் பத்து ஆண்டுகளில் நடந்தது வேறு. எட்மண்டனில் ‘ஃப்ரீ ஃபூட்டி’ என்று ஒரு திட்டம் இருந்தது. கிளப்புக் கட்டணம் கட்ட முடியாத, மைதானத்துக்குக் கொண்டுபோய் விட ஆளில்லாத, நகரத்து ஏழைப் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பள்ளி முடிந்த பிறகு நடத்தப்படும் ஆட்டம் அது. கட்டணம் இல்லை. காலணியும் உடையும் தருவார்கள். போகவர வண்டியும் உண்டு. டேவிஸின் கால் முதலில் கணக்குக்கு வந்தது அங்கே. அங்கிருந்து உள்ளூர் கிளப். 14 வயதில் வான்கூவர் கிளப்பின் பயிற்சி விடுதி. மகன் வழிதவறிவிடுவானோ என்று அவனைத் தனியே அனுப்பத் தயங்கிய தாயின் நம்பிக்கையைப் பெற்ற பிறகே அந்தப் பயணம் நடந்தது.

புடுபுரம் முகாமில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இருந்தார்கள். பசி எல்லோருக்கும் பொது. எட்மண்டன் பேருந்து எல்லோருக்கும் கிடைக்கவில்லை. பசியால் ஆட்டக்காரன் உண்டாவான் என்றால் அந்த முகாமிலிருந்து ஓர் அணியே வந்திருக்கும். எட்மண்டனில் அந்தப் பையனுக்குக் கிடைத்தவை, பசி குறுக்கே நிற்காமல் பார்த்துக்கொண்ட ஏற்பாடுகள்: கட்டணமில்லாத ஆட்டம், காலணி, வண்டி.

பசி என்ன செய்யும் என்பதற்குக் காஞ்சிபுரத்தைவிட யார் சாட்சி சொல்ல முடியும்? இந்த ஊரில் முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகள் தறியில் உட்கார வைக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 1990களில் அந்தக் கொத்தடிமைக் குழந்தைத் தொழில் நாடு முழுவதும் பேசப்பட்டு, பல ஆண்டு முயற்சிக்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினார்கள். அவர்களுக்குப் பசி இருந்தது. வெறியும் இருந்திருக்கும். அந்தப் பசியால் லாபம் கண்டவர்கள் முன்பணம் கொடுத்தவர்கள். பிள்ளைகளுக்கு மிஞ்சியது முதுகு வலியும் கண் எரிச்சலும் விட்டுப்போன படிப்பும். பசி ஒருவனை எந்த வேலைக்கும் தலையாட்ட வைக்கும். எந்த வேலையிலும் தேர்ந்தவனாக்காது.

கால்பந்து உலகத்துக்கும் இது தெரியும். ஐரோப்பாவில் அணி பிடித்துத் தருகிறேன் என்று சொல்லி ஆப்பிரிக்கச் சிறுவர்களின் குடும்பங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு, போய் இறங்கிய நகரத்தில் அவர்களைக் கைவிட்டுவிடும் தரகர்கள் பெருகினார்கள். அதனால்தான் ஃபிஃபா, ஆட்டக்காரர் மாற்ற விதிகளின் 19ஆம் பிரிவில், 18 வயதுக்குட்பட்டவர்களை நாடு விட்டு நாடு மாற்றுவதைப் பொதுவாகத் தடைசெய்தது. பெற்றோர் கால்பந்து சாராத காரணத்துக்காகக் குடிபெயர்ந்தால் விலக்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 வயதுக்கு மேல் நிபந்தனையோடு விலக்கு உண்டு. படிப்புக்கும் தங்குமிடத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பது நிபந்தனை. இந்த விதியை மீறியதற்காக 2014இல் பார்சிலோனாவும் 2019இல் செல்சியும் புதிய ஆட்டக்காரர்களைச் சேர்க்கத் தடை வாங்கின. பசி நல்ல ஆசான் என்றால் அதிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்ற உலக அளவில் ஒரு சட்டம் ஏன் வேண்டியிருந்தது?

நம் நாட்டிலேயே, வந்தவனுக்கு இடம் கொடுத்த நகரம் ஒன்று உண்டு: கொல்கத்தா. 1940களின் இறுதியில் ஈஸ்ட் பெங்கால் கிளப்பின் முன்வரிசை ஐவரை ‘பஞ்ச பாண்டவர்’ என்று அந்த நகரம் கொண்டாடியது. வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐந்து பேரும் தெற்கேயிருந்து போனவர்கள். அவர்கள் காலத்தில் கிளப் 1949, 1950, 1951 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றது. பிறகு 1980இல், அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்த ஈரானிய இளைஞர்கள் மஜீத் பிஷ்கரும் ஜம்ஷித் நாசிரியும் அதே கிளப்பில் சேர்ந்தார்கள். மஜீதின் ஆட்டத்தை நேரில் பார்த்தவர்கள் இன்றும் குரல் தழுதழுக்கப் பேசுகிறார்கள். இந்திய மைதானங்கள் கண்ட வெளிநாட்டவர்களில் அவரே சிறந்தவர் என்பார்கள். அந்தத் திறமைக்கு ஆயுள் சில ஆண்டுகள்தான். போதைப் பழக்கத்தில் சிக்கினார், ஆட்டம் போயிற்று, ஈரானுக்குத் திரும்பினார். 2019இல் கிளப்பின் நூற்றாண்டு விழாவுக்கு அழைத்துவரப்பட்டபோது நகரம் அவரை அழுது வரவேற்றது. ஜம்ஷித் கொல்கத்தாவிலேயே மணம் முடித்துக் குடும்பம் அமைத்தார். அவருடைய மகன் கியான் நாசிரி, 2022 ஜனவரி 29 அன்று, 21 வயதில், மாற்று ஆட்டக்காரராக இறங்கி, மோகன் பகான் பக்கம் நின்று ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார். பின்னர் நம் சென்னையின் அணிக்கும் ஆட வந்தார்.

மஜீதின் வாழ்க்கைக்கு யாரும் தீர்ப்பெழுத முடியாது. ஆனால் அது ஒன்றைக் காட்டுகிறது: தலைசிறந்த திறமையும், வீட்டைத் தாண்டி வந்த துணிவும் ஒருசேர இருந்தும் ஒரு இளைஞன் நழுவி விழலாம். மைதானத்தில் ஆயிரம் பேர் கைதட்டலாம். ஆட்டம் முடிந்த இரவில் அவனுக்குத் துணை யார் என்பது வேறு கேள்வி. அந்நிய ஊருக்கு வந்த இளைஞனுக்கு அந்தக் கேள்விதான் முதல் கேள்வி.

ஆட்டக்காரனை எது உண்டாக்குகிறது என்பதற்கு ஃபிஃபா பணக் கணக்கே எழுதி வைத்திருக்கிறது. ஒரு தொழில்முறை ஆட்டக்காரன் ஒப்பந்தக் காலத்துக்குள் நாடு விட்டு நாடு மாறும்போது, கைமாறும் தொகையில் 5 சதவீதம், 12 வயது முதல் 23 வயது வரை அவனைப் பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் போக வேண்டும். அந்த 5 சதவீதத்தை நூறு பங்காக்கினால், 12 முதல் 15 வரையிலான நான்கு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு ஐந்து பங்கு, 16 முதல் 23 வரையிலான எட்டு ஆண்டுகளுக்கு ஆண்டுக்குப் பத்துப் பங்கு. ரத்தத்துக்கு அந்தக் கணக்கில் பங்கு இல்லை. பசிக்கும் பங்கு இல்லை. காத்திருந்து கற்றுக்கொடுத்த ஆண்டுகளுக்கு மட்டுமே பங்கு. ஒரு கோர்வைப் புடவை எத்தனை ஆயிரத்துக்கு விற்றாலும், அந்த நெசவாளிக்குக் கையைப் பழக்கியவருக்குக் காசு போவதில்லை என்பதைப் பார்த்துப் பழகிய ஊர்க்காரனுக்கு இந்த விதியின் அருமை தெரியும்.

எதிர்த்தரப்பில் நியாயமான இரண்டு கேள்விகள் உண்டு. பதில் சொல்லாமல் போனால் நான் நேர்மையாக வாதிட்டவன் ஆக மாட்டேன்.

முதல் கேள்வி: இயல்பான திறமை என்று ஒன்று இல்லவே இல்லையா? உண்டு. டேவிஸின் வேகத்தை எந்தப் பயிற்சியாளரும் ஊட்டியிருக்க முடியாது. ஆனால் அந்த வேகம் எந்தக் குழந்தையிடம் இருக்கிறது என்பதைப் பிறப்பையோ சாதியையோ மொழியையோ வைத்துச் சொல்ல முடியாது. ஆடவிட்டுத்தான் பார்க்க முடியும். திறமை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாததால்தான் எல்லாப் பிள்ளைகளையும் களத்துக்குள் விட வேண்டியிருக்கிறது. ரத்தக் கொள்கை நேர்மாறாகச் செய்கிறது. பார்ப்பதற்கு முன்பே பையனுக்குத் திண்ணையிலிருந்து தீர்ப்பளித்து அனுப்பிவிடுகிறது.

இரண்டாவது கேள்வி: ஆயிரத்தில் ஒருவன்தானே தேறுகிறான், மற்றவர்கள் கதி? பெற்றோரின் இந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். அகாடமியில் சேரும் பிள்ளைகளில் மிகச் சிலரே தொழில்முறை ஆட்டக்காரர் ஆகிறார்கள், இங்கிலாந்திலும் அப்படித்தான். ஆனால் இந்த அச்சம் எதைக் கேட்கிறது? படிப்பைக் கைவிடாத பயிற்சியைக் கேட்கிறது. எட்மண்டன் திட்டம் பள்ளியோடு பிணைந்திருந்தது. இங்கிலாந்தின் உதவித்தொகைக் காலத்தில் படிப்பு கட்டாயம். ஃபிஃபாவின் விலக்கும் படிப்புக்கு உறுதி கேட்கிறது. ஆட்டக்காரன் ஆகாத 999 பேரும் பள்ளிச் சான்றிதழோடு, திடமான உடலோடு, கூட்டாக இயங்கத் தெரிந்தவர்களாக வெளியே வரும்படி ஏற்பாடு இருக்க வேண்டும். களமே வேண்டாம் என்பவர்கள் ஆயிரம் பேருக்கும் கதவைச் சாத்துகிறார்கள்.

காஞ்சிக்கு இது புதிய பாடமும் இல்லை. இந்த ஊர் பட்டுக்கு முன்பே கல்விக்குப் பெயர் பெற்றது. பல்லவர் காலத்தில் இங்கிருந்த கடிகைக்குத் தொலைதூரத்திலிருந்து மாணவர்கள் தேடிவந்தார்கள். இன்றைக்கு அகாடமி என்கிறோமே, அதற்கு அன்று இந்த ஊரில் வழங்கிய பெயர் கடிகை. 4ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டிலிருந்து மயூரசர்மன் என்ற இளைஞன் தன் குருவோடு அங்கே படிக்க வந்தான். தாளகுண்டா கல்வெட்டு அவன் கதையைச் சொல்கிறது. பல்லவக் குதிரைவீரன் ஒருவனோடு தகராறு, அவமானம் தாங்காமல் படிப்பை விட்டுப் போனான், வாளெடுத்தான், கதம்ப அரசை நிறுவினான். காஞ்சியின் புகழ் தேடிவந்த மாணவனைக் காஞ்சி காவலன் ஒருவனின் செருக்கு எதிரியாக்கி அனுப்பியது. கடிகை இருந்தால் மட்டும் போதாது, வாசலில் நிற்பவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதும் சேர்ந்ததுதான் கடிகை.

அந்த வாசலில் இன்று நிற்பவர்கள் யார்? ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் தொழிற்சாலை வேலைக்கு வந்திருக்கும் ஒடிசா, பீகார், ஜார்கண்ட், அஸ்ஸாம் மக்கள். குடும்பத்தோடு தங்கியவர்களின் பிள்ளைகள் நம் அரசுப் பள்ளிகளில் நம் பிள்ளைகளோடு உட்கார்ந்து ‘அ, ஆ’ எழுதுகிறார்கள். வேல்ஸ் கிராமத்தில் யோகநாதன் என்ற பெயர் எப்படி ஒலித்திருக்குமோ, அப்படித்தான் அவர்கள் பெயர்கள் நம் காதில் ஒலிக்கின்றன. எங்கோ ஓர் ஊர் நம் பையனுக்கு இடம் கொடுத்தபோது கண்கலங்கியவர்கள், இந்தப் பிள்ளைகளை ‘வடக்கத்திப் பசங்க’ என்று ஒதுக்கினால் அந்தக் கண்ணீருக்கு என்ன பொருள்?

நான் கேட்பது பெரிய அரங்கம் இல்லை. காஞ்சியிலும் ஒரகடத்திலும் ஒவ்வொரு திடல், மாலையில் விளக்கு, சம்பளம் ஒழுங்காக வரும் ஒரு பயிற்சியாளர், கட்டணமில்லாப் பதிவு, காலணி, தூரத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வண்டி. பெண் பிள்ளைகளுக்கும் அதே நேரம், அதே பந்து. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2018இல் சிறார்களுக்கான ‘கோல்டன் பேபி லீக்’ தொடங்கியபோது அதை நடத்த ஊர்ப் பெரியவர்களையே அழைத்தது; பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களும் தொழிற்சாலைகளும் சேர்ந்தால் இந்த மாவட்டத்தில் அப்படி ஒன்றைத் தொடங்க முடியும். மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகள் அடுத்த படி. எட்மண்டனில் செய்தது இதைவிட அதிகம் ஒன்றுமில்லை.

திண்ணையில் இருக்கும் பெரியவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள்தான் என்னை வளர்த்தவர்கள். அவர்களிடம் ஒன்றே ஒன்று வேண்டுகிறேன். நாளை மாலை தெருவில் பந்து உருளும்போது, அந்தப் பையன் யார் மகன் என்று கேட்காதீர்கள். அவனுக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள், எங்கே ஆடுகிறான், இருட்டினால் யார் வீட்டுக்குக் கொண்டுவந்து விடுகிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் மகன் தறியில் உட்கார்ந்த வயதில் இந்த மூன்று கேள்விக்கும் உங்களிடம் பதில் இருந்தது. அதனால்தான் அவன் கை பழகியது.